கோட்டுக்கு வெளியே ஒரு குதி

மரியமலர் ரீச்சருக்குத் துவக்குச் சத்தம் ஆகாது. நத்தார்ப் பண்டிகைக்கு அயல்வீட்டில் சீனவெடி கொளுத்தினாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய் நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் நாலு வருடமாகத் துவக்குக்காரரின் முதுகுக்குப் பின்னால் விசிலோடு நடந்து திரிந்தார் என்று சொன்னால், அவரிடம் படித்த பிள்ளைகளே நம்பமாட்டார்கள்.

பிறந்து வளர்ந்தது பாலையூற்றில். தகப்பன் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படைக்குத் தச்சுவேலை செய்தவர். சுதந்திரம் வந்தபோது மலருக்கு எட்டு வயது. வெள்ளைக்காரர் தளத்தைக் கைவிட்டுக் கப்பலேறியபோது பதினேழு. ஊரெல்லாம் இனித் துறைமுகத்தில் வேலை இருக்குமா என்று கதைத்துக்கொண்டிருக்க, மலருக்கு வலைப்பந்துதான் பெரிதாக இருந்தது. கன்னியாஸ்திரிகளின் பாடசாலை அணியில் நடுவில் நின்று விளையாடினார். மட்டக்களப்புக்குப் போன ஒரு போட்டியில் முழங்கால் பிரண்டது. பூசாத எண்ணெய் இல்லை, கட்டாத பத்து இல்லை. நடக்கலாம், ஓட ஏலாது என்று ஆகிவிட்டது. ஓட ஏலாதவர் விசிலை எடுத்தார். உடற்பயிற்சி ஆசிரியையும் ஆனார், மாவட்டத்தில் பேர்போன வலைப்பந்து நடுவரும் ஆனார்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஊன்றிய காலைத் தூக்கி மறுபடி நிலத்தில் வைத்தால் பிழை. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவர் பந்தைப் பார்க்கக்கூடாது, காலைப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகக் கால்களையே பார்த்துப் பார்த்து, மலர் ரீச்சருக்கு ஆட்களை நடையிலேயே மட்டுக்கட்ட வந்துவிட்டது. கோயிலில் தலையைக் குனிந்து செபம் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னால் யார் பிந்தி வருகிறார்கள் என்பது திரும்பாமலே தெரியும். விசிலும் அப்படித்தான், கழுத்தை விட்டு இறங்காது. ஒருநாள் பஸ் நிலையத்தில் ஒரு வயதானவர் ஒரு காலைப் படியில் வைத்திருக்க, சாரதி பஸ்சை எடுத்துவிட்டார். ரீச்சர் யோசிக்கவில்லை, ஊதினார். பஸ் நின்றது. பின்னால் புறப்பட்ட இரண்டு பஸ்களும் நின்றன. வீதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு பொலிஸ்காரரும் நின்றார்.

கலியாணம் செய்யவில்லை. பேசி வந்தவர்கள் இரண்டொருவர் உண்டு. வந்தவர்களின் நடை தனக்குப் பிடிக்கவில்லை என்று அக்கா சீலாவிடம் சொல்லிவிட்டார். அவர் ஒழுக்கத்தைச் சொல்லவில்லை, உண்மையாகவே நடையைத்தான் சொன்னார் என்பது சீலாவுக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

சீலாவின் புருசன் ஹெக்டர். கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, இறைச்சி எல்லாம் ஒழுங்கு செய்து கொடுப்பவர். நல்ல மனிதர். ஒரு யோசனை பிடித்துவிட்டால் மட்டும் வீட்டிலுள்ளவர்களுக்குக் கஷ்டம். எழுபத்தெட்டாம் ஆண்டு ஒரு கப்பல் அதிகாரி படித்து முடித்த சஞ்சிகை ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு புதுவிதமான துவக்குப் போட்டியின் படங்கள் இருந்தன. நின்ற இடத்தில் நின்று வட்டத்துக்குச் சுடுவதில்லை. ஓர் இடத்தில் சுட்டுவிட்டு நடக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் நின்று சுட வேண்டும். கதவைத் திறந்து சுட வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் களத்தைப் புதிதாக அமைப்பார்கள். போட்டிக்காரன் அதற்குள்ளே போய்த் தன் வழியைத் தானே யோசித்து வர வேண்டும்.

ஹெக்டர் நகரத்துச் சுடுகழகத்தின் செயலாளர். அந்தக் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, படுத்துக்கொண்டு வட்டத்துக்குச் சுட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவதுதான் வழமை. சிலர் படுத்த இடத்திலேயே நித்திரையாகிப் போவதும் உண்டு. இந்தப் படங்களைக் கண்ட பிறகு ஹெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் களம் கட்டத் தொடங்கினார். சீனிப்பேணி காவல் பரண், தீப்பெட்டிகள் காட்டுப்பண்டிகள், கரண்டிகள் வரம்பு. மத்தியானம் சீலா மேசையைத் துடைக்கும்போது வயல், பண்டி, பரண் எல்லாம் ஒரேயடியாகக் குசினிக்குப் போய்விடும். பின்னேரம் அவர் மறுபடி கட்டுவார்.

வயல்காவல்தான் அவர் போட்ட களம். எங்கள் பக்கத்தில் ஒருவன் துவக்கு வைத்திருப்பதே வயலுக்குள் இறங்கும் பண்டியை விரட்டத்தானே. பாலையூற்றுக்கு அப்பால் கிரவல் வெட்டிக் கைவிட்ட ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஒரு பக்கம் பனை உயரத்துக்கு மண்திட்டி. அந்தத் திட்டியைப் பின்னால் வைத்து, முன்னால் களத்தைக் கட்டினார்கள். போட்டிக்காரன் முதலில் பரணில் ஏறி இரண்டு பலகைப் பண்டிகளைச் சுட வேண்டும். இறங்கி வரம்பால் நடந்து, கிடுகு வேலிக்குப் பின்னால் சுண்ணாம்பால் கீறிய பெட்டிக்குள் நின்று, வேலியின் ஓட்டைக்குள்ளால் சுட வேண்டும். கடைசியாகப் பழைய வள்ளம் ஒன்றில் ஏறி இருந்து சுட வேண்டும். பண்டிகளுக்கு நடுவே பலகை மாடுகளும் நிற்கும். மாட்டில் பட்டால் புள்ளி குறையும்.

நடப்பதற்கும் விதிகள் போட்டார். துவக்கு வாய் எந்த நேரமும் மண்திட்டியைத்தான் பார்க்க வேண்டும். நடக்கும்போது பூட்டுத் திறந்திருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். நடக்கும்போது கால் வரம்பிலும், சுடும்போது கோட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். கோட்டை மிதித்தால் ஆள் வெளியே. முதல் இரண்டையும் ஹெக்டர் தானே பார்த்துக்கொள்வார். துவக்கைப் பார்த்துக்கொண்டு காலையும் பார்க்க ஒருவருக்கு ஏலுமா? அப்போதுதான் மச்சாளின் ஞாபகம் வந்தது.

ரீச்சர் இரண்டு நிபந்தனை வைத்தார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அவர் ஊதினால் ஊதியதுதான், மறுபேச்சு இல்லை.

முதல் போட்டி நடந்த நாளில் கால்வாசிப்பேர்கூடக் கடைசிவரை போகவில்லை. ஒருவர் வரம்பை விட்டு இறங்கினார், ரீச்சர் ஊதினார். ஒருவர் பரணில் நின்று கால் பெருவிரலைக் கோட்டுக்கு வெளியே நீட்டினார், ஊதினார். கழகத்திலேயே கெட்டிக்காரச் சுடுகாரர் கிண்ணியா முத்தலிப். மரவாடி வைத்திருந்தார், வயலும் இருந்தது, பண்டிக்குப் பரிச்சயமான ஆள். அவர் எல்லாவற்றையும் தாண்டி வள்ளத்தில் ஏறி, கடைசி வெடியை ஒரு மாட்டின் நெற்றியில் வைத்தார்.

“ஹெக்டர் ஐயா, இதைப் பண்டி எண்டுதான் நான் வெடி வச்சன். மாடு எண்டா கொம்பு எங்க?” என்று கேட்டார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஹெக்டர் கீறிய மாடுகளும் பண்டிகளும் சகோதரங்கள்போல இருந்தன. கிண்ணியாவில் மாட்டில் வெடி பட்டால் புள்ளியை வெட்டமாட்டார்கள், சுட்டவனின் காலைத்தான் வெட்டுவார்கள் என்று சொல்லி முத்தலிப் தானே சிரித்தார். அவருக்குத் தோற்பதும் ஒரு பகிடிதான்.

கடைசியாக வந்தவர் இராஜநாயகம். துறைமுகத்தில் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றி இறக்கும் லோஞ்சின் ஓட்டி. மெதடிஸ்த சபைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடிக்கையில் தன் கலியாணத்தை மறந்துபோனவர். பள்ளிக்கூடத்தில் அடித்து வலது கையால் எழுதப் பழக்கினார்கள். மற்ற எல்லா வேலைக்கும் இடக்கைதான், துவக்கும் இடது தோளில்தான். கதை குறைவு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அவரை அசைக்க ஏலாது.

அவர் பரணில் ஆறுதலாகச் சுட்டார், ஆறுதலாக இறங்கினார், ஆறுதலாக நடந்தார். வேலி ஓட்டைக்கு முன்னால் நின்று குறி பார்த்தார். ரீச்சர் ஊதினார்.

இராஜநாயகம் உடனே திரும்பவில்லை. பூட்டைத் திறந்தார், துவக்கு வாய் திட்டியைப் பார்க்கும்படி நிலத்தில் வைத்தார், பிறகுதான் திரும்பினார்.

“என்ர குதிக்கால் உள்ளுக்கைதான் இருந்தது,” என்றார்.

“வெளியில,” என்றார் ரீச்சர்.

அத்தோடு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் ரீச்சர் வீட்டுப் படலையில் இராஜநாயகம் நின்றார். சட்டைப் பையில் ஒரு வெண்கட்டி. ரீச்சர் விறாந்தையில் கதிரை போட்டுக் கொடுத்தார். அவர் இருக்கவில்லை.

“நேற்று நீங்கள் ஊதினது பிழை எண்டு சொல்ல வந்தனான், ரீச்சர். நீங்கள் கண்டது குதியை இல்லை, நிழலை. வெயில் சரிவா அடிச்சது. சப்பாத்தின்ர நிழல்தான் கோட்டுக்கு வெளியில விழுந்திருக்கும்.”

நடுவராக நின்ற காலத்தில் ரீச்சரிடம் அழுதவர்கள் உண்டு, கத்தியவர்கள் உண்டு, ஒரு பாடசாலை அதிபர் குடையை உயர்த்தியதும் உண்டு. இவ்வளவு மரியாதையாகச் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. செய்து காட்டச் சொன்னார். இராஜநாயகம் விறாந்தைச் சீமெந்தில் முழந்தாளிட்டு, களத்தில் இருந்த அளவிலேயே ஒரு பெட்டி கீறினார். வேலி ஓட்டைக்கு ஒரு கதிரையை வைத்தார். துவக்குக்குப் பதிலாக வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துத் தோளில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சீலா ஒரு கோப்பையில் பலகாரம் கொண்டு வந்தார். தங்கச்சி வீட்டு விறாந்தையில் அறிமுகமில்லாத ஆம்பிளை ஒருவர் தும்புத்தடியால் குசினியைக் குறி பார்த்துக்கொண்டிருக்க, தங்கச்சி குந்தியிருந்து அவரது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மலர், வீட்டுக்குள்ள பண்டி பூந்திட்டுதோ?” என்று கேட்டார் சீலா.

ரீச்சர் தலையைத் தூக்கவில்லை. இப்போது வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, நீங்களே குனிந்து பாருங்கள் என்று இராஜநாயகத்திடம் சொன்னார். அவர் குனிந்து பார்த்தார். வலது குதி கோட்டுக்கு வெளியே இருந்தது. நிமிர்ந்தார். இது வீட்டுச் சீமெந்து, அங்கே கிரவல், கிரவலில் கால் வேறு மாதிரி நிற்கும் என்றார். சீலா வைத்த பலகாரத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, தேத்தண்ணியைக் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ரீச்சர் அந்தப் பெட்டியை அழிக்கவில்லை. தும்புத்தடியை எடுத்துத் தன் வலது தோளில் வைத்து நின்று பார்த்தார். கால் இரண்டும் கோட்டுக்குள் வசதியாக நின்றன. இடது தோளுக்கு மாற்றினார். வலது கால் முன்னுக்கு வந்தது, உடம்பு தடிக்கு வலப்பக்கம் போனது, குதி தானாகவே கோட்டைத் தாண்டியது. மறுபடி நின்றார், மறுபடி தாண்டியது. ஹெக்டர் ஓட்டையைப் பெட்டியின் வலது ஓரத்தில் வைத்திருந்தார். வலக்கைக்காரனுக்கு அது பிரச்சினையே இல்லை. இடக்கைக்காரன் அதற்குள்ளால் பார்க்க வேண்டுமென்றால் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

ரீச்சருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குதி வெளியே இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் குற்றம் என்று ஊதியது சரியா என்று இரவு முழுக்க யோசித்தார்.

விடிந்ததும் ஹெக்டரிடம் போனார். ஹெக்டருக்கு அந்தக் களம் பெற்ற பிள்ளை மாதிரி. ஒரே ஒரு இடக்கையனுக்காக வேலியைப் பிரிக்கிறதா என்று முகத்தைத் தூக்கினார். ரீச்சர் விடவில்லை.

“அத்தான், ஒருத்தி பிழை விட்டால் நான் அவளுக்கு ஊதுவன். வாறவள் போறவள் எல்லாரும் ஒரே இடத்தில பிழை விட்டால் நிலத்தைத்தான் பாக்க வேணும். வள்ளத்தில ஏறக்குள்ள எத்தனை பேற்ற துவக்கு வாய் சனத்தின்ர பக்கம் திரும்பினது? நீங்கள் பாத்தனீங்கள்தானே.”

ஹெக்டர் பார்த்துத்தான் இருந்தார். வள்ளம் திட்டிக்குக் குறுக்கே கிடந்தது. ஏறுகிறவன் காலைத் தூக்கிப் போடும்போது உடம்பு திரும்பும், உடம்போடு துவக்கும் திரும்பும். அதை அவர் கண்டும் காணாத மாதிரி விட்டிருந்தார். மனிசியின் தங்கச்சி வந்து சொல்லும்வரை அதைத் தனக்குக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த போட்டிக்குக் களத்தை நீயே பார் என்றார். கோபத்தில்தான் சொன்னார். ரீச்சர் ஓம் என்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அந்தக் கிரவல் பள்ளத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. துவக்கு ஒன்றும் இல்லை. ரீச்சர் ஒரு தும்புத்தடி, இராஜநாயகம் ஒரு தும்புத்தடி, மரம் கொண்டுவந்த முத்தலிப் ஒரு தும்புத்தடி. பரணில் ஏறுவார்கள், இறங்குவார்கள், வரம்பால் நடப்பார்கள், வள்ளத்தில் ஏறி இருந்து குறி பார்ப்பார்கள். ஆடு மேய்க்க வந்தவர்கள் மேய்ப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முத்தலிப் ஓடிப் பார்க்கிற ஆள், இராஜநாயகம் ஊர்ந்து பார்க்கிற ஆள். இருவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தில் ரீச்சர் ஒரு குச்சியை நட்டுவிடுவார். பரணின் ஏணியில் இறங்கும்போது தடி வானத்தைப் பார்த்தது. ஏணியை எடுத்துவிட்டுப் பலகையில் சரிவு போட்டார்கள். வள்ளத்தை இழுத்து முன்பக்க அணியம் திட்டியைப் பார்க்கும்படி வைத்தார்கள். இப்போது ஏறுகிறவன் திரும்பவே தேவையில்லை. வேலி ஓட்டை நடுவுக்கு வந்தது. கோட்டை மிதித்தால் ஆள் வெளியே என்ற விதியையும் ரீச்சர் மாற்றினார். கால் தவறினால் புள்ளி குறையும், ஆள் தொடர்ந்து போகலாம். துவக்கு வாய் தவறினால் மட்டும் ஆள் வெளியே. விசில் அதற்கு மட்டும்தான். முத்தலிப் மாடுகளுக்குத் தன் கையாலேயே கொம்பு கீறினார், இனி ஒருவரும் சாட்டுச் சொல்ல ஏலாத அளவுக்குப் பெரிய கொம்புகள்.

இதற்கிடையிலும் இராஜநாயகம் தன் வழக்கை விடவில்லை. வேலை முடிந்து ரீச்சர் வீட்டு விறாந்தைக்கு வருவார். ஓட்டை பிழையான இடத்தில் இருந்தது என்பதை ரீச்சர் ஒத்துக்கொண்டாயிற்றே என்று சீலா கேட்டால், அது வேறு விசயம், தன் குதி உள்ளேதான் இருந்தது, அதுதான் கதை என்பார். ஒருநாள் கிரவலின் தன்மை, ஒருநாள் சப்பாத்தின் தேய்வு, ஒருநாள் காற்று. ரீச்சர் பிள்ளைகளின் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டே எல்லாவற்றுக்கும் வெளியே, வெளியே என்று பதில் சொல்வார்.

இரண்டாவது போட்டி அடுத்த வருடம் மழை முடிந்த பிறகு நடந்தது. விசில் ஒன்றுமே கேட்கவில்லை. முத்தலிப் பண்டியெல்லாம் விழுத்தி, மாட்டையெல்லாம் தப்பவிட்டு, வேகமாக முடித்தார். இராஜநாயகம் வேலியில் அழகாக நின்று சுட்டார். வள்ளத்துக்குப் போகும் வழியில் ஒரு கல் தடக்கி, ஆள் முகங்குப்புற விழுந்தார். சனம் எழும்பிவிட்டது. ரீச்சர் நொண்டிக்கொண்டே ஓடினார்.

“துவக்கு வாய் எங்கை?” என்றுதான் முதலில் கேட்டார்.

“திட்டிப் பக்கம்தான், ரீச்சர். விரலும் வெளியில,” என்றார் கிரவலில் கிடந்தபடியே இராஜநாயகம்.

உண்மைதான். முழங்கால் உரிந்திருந்தது, நாடியில் மண், மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. துவக்கு மட்டும் பூட்டுத் திறந்தபடி, கோவில் குத்துவிளக்கைப் பிடித்தமாதிரி, திட்டியைப் பார்த்து அசையாமல் நின்றது. ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், ஏலவில்லை. அந்தப் பள்ளத்தில் அவர் சிரித்ததை அதற்கு முதல் ஒருவரும் கண்டதில்லை. இராஜநாயகம் எழும்பி, மண்ணைத் தட்டி, வள்ளத்தில் ஏறி, ஆறுதலாகச் சுட்டு முடித்தார். எல்லாருக்கும் கடைசியாக வந்தார். முதலாவதாக வந்த முத்தலிப்பைவிடச் சந்தோசமாக இருந்தார்.

கிண்ணம் கொடுக்க முதல் ரீச்சர் எழும்பி இரண்டு வார்த்தை சொன்னார். போன தடவை களம் இடக்கைக்காரருக்கு அநியாயமாக இருந்தது, திரு. இராஜநாயகத்தின் கால் தவறியது அவர் குற்றம் இல்லை, நடுவர் என்ற முறையில் அதைத் தான் அப்போதே கண்டிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இராஜநாயகம் தலையைக் குனிந்து கும்பிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் வரவில்லை. அந்தக் கிழமையே வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. ரீச்சர் படலைப் பக்கம் பார்க்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பார்த்தார். சீலா பலகாரம் கொண்டு வந்து, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு பெருமூச்சு விடுவார்.

பாடசாலையில் தடைதாண்டும் ஓட்டத்துக்குப் பலகை தேவைப்பட்டது. ரீச்சர் இறங்குதுறையால் படகேறிக் கிண்ணியாவில் முத்தலிப்பின் மரவாடிக்குப் போனார். நகரத்தில் பலகை இல்லாமலா என்று முத்தலிப் கேட்கவில்லை. பலகையைக் காட்டினார், தேத்தண்ணி எடுப்பித்தார். ரீச்சர் சுற்றி வளைத்து லோஞ்சுக்காரர்களைப் பற்றி விசாரிக்க, முத்தலிப் விசயத்துக்கு வந்தார்.

“அவர் வரமாட்டார், ரீச்சர். ஒங்கட வீட்டுக்கு வர அவர்ட கையில இருந்தது அந்த ஒரு வழக்குத்தான். அதையும் நீங்க சபையில வச்சுத் தீர்த்துப்போட்டீங்க. இனி என்ன சொல்லிக்கொண்டு படலையைத் திறக்கிறது எண்டு எனக்கிட்டக் கேட்டார்.”

ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தார். அது எந்த மரம் என்று கேட்டார். முத்தலிப் சொன்ன பதில் அவர் காதில் விழவில்லை.

“வழக்கு முடியேல்லை எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ,” என்றார் பிறகு. “களம் பிழை எண்டுதான் நான் சொன்னனான். குதி உள்ளுக்கை எண்டு சொல்லேல்லை. குதி வெளியிலதான்.”

முத்தலிப் அந்தச் செய்தியை மறுநாள்வரை வைத்திருக்கவில்லை. அன்றைக்கே நகரத்துக்குப் போகும் படகில் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் இராஜநாயகம் வந்தார். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, வெண்கட்டி இல்லாமல் வந்தார். முதன்முதலாகக் கதிரையில் இருந்தார். இருந்தவர் முன்பு பெட்டி கீறிய இடத்தைச் சப்பாத்தால் தடவிப் பார்த்தார்.

“ரீச்சர், ஒரு விசயம் கேக்க வேணும்.”

“குதிக் கதை எண்டால் என்ர பதில் உங்களுக்குத் தெரியும்.”

“குதிக் கதை இல்லை,” என்றார் இராஜநாயகம்.

ரீச்சர் கையிலிருந்த சோதனைத் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்தார். பாடசாலை விளையாட்டுப் போட்டி முடியட்டும், அதுவரை யோசிக்கத் தனக்கு நேரமில்லை என்றார். அவர் சரி என்றார். படலைவரை நடந்து போவதை ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் காயம் ஆறினாலும் உள்ளே பிரண்டது சரிவராமல் இலேசாகச் சாய்ந்து நடந்தார். தானும் அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பவர் என்பது அப்போதுதான் ரீச்சருக்கு ஞாபகம் வந்தது. விளையாட்டுப் போட்டி முடிந்த அன்று மைதானத்தில் கொடிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, உதவிக்கு வந்த இராஜநாயகத்திடம் ஓம் என்று சொல்லிவிட்டார்.

சீலாவுக்கு வேறு கவலை. மாப்பிள்ளை மெதடிஸ்தர், பொம்பிளை கத்தோலிக்கர், எந்தக் கோயிலில் தாலி கட்டுவது? இராஜநாயகம் எதிலும் விட்டுக்கொடாதவர் என்பது ஊர் அறிந்த விசயம். ஹெக்டர் ஒரு பெரிய விவாதத்துக்கு ஆயத்தமாகிப் போனார். போனவர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். கடவுள் விசயத்தில் தனக்கு வழக்கு ஒன்றும் இல்லை, ரீச்சர் சொல்கிற கோயிலுக்குத் தான் வருவதாக இராஜநாயகம் சொல்லிவிட்டாராம். எண்பதாம் ஆண்டு பாலையூற்றுக் கோயிலில் கலியாணம் நடந்தது. முத்தலிப் குடும்பத்தோடு வந்து, புரியாணிச் சட்டிகளைத் தானே முன்னுக்கு நின்று இறக்குவித்தார். இரண்டு பேரும் ஓர்ஸ் ஹில்லில் துறைமுகம் தெரிகிற ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள்.

கழகம் அதற்குப் பிறகு கனகாலம் நிலைக்கவில்லை. இன்னும் இரண்டு போட்டிகள் நடந்தன. இரண்டுக்கும் களம் போட்டது ரீச்சரும் இராஜநாயகமும்தான். சேர்ந்து போட்டது என்பதைவிடச் சண்டை பிடித்துப் போட்டது என்று சொல்லலாம். பிறகு நாட்டு நிலைமை மாறத் தொடங்க, துவக்குகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தது. ஹெக்டர் தன் கையாலேயே எல்லாவற்றையும் எண்ணெய் பூசித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசை வெறுமையாக இருந்ததால் சீலாவுக்குத்தான் என்னவோ போல இருந்ததாம்.

ரீச்சர் வலைப்பந்தை விடவில்லை. எண்பத்திரண்டில் மாவட்ட இறுதிப் போட்டி நடந்தது. நடுவர் மரியமலர் இராஜநாயகம். புருசனும் பார்க்க வந்திருந்தார். வந்தவர் கதிரையில் இருக்காமல் கோட்டு ஓரமாகவே நடந்து, ஒரு மூலையில் கோடு வளைந்து போட்டிருக்கிறார்கள் என்று மைதானப் பொறுப்பாளரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் திருத்துகிறேன் என்றார். இவர் அதோடு விடாமல், எப்படித் திருத்துவது என்பதையும் சொல்லத் தொடங்கினார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருந்தது. ரீச்சர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தி, அவரிடம் போய், தயவுசெய்து மைதானத்துக்கு வெளியே நிற்கும்படி எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

இராஜநாயகம் மறுபேச்சுப் பேசவில்லை. வெளியே போய், பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் வறுத்த கச்சான் கடலை விற்பவரிடம் ஒரு கடதாசிச் சுருள் வாங்கி, மரநிழலில் நின்று தின்றார். உள்ளே கைதட்டல் கேட்கும்போதெல்லாம் யாருக்குப் புள்ளி என்று கச்சான்காரரிடம் கேட்டார். கச்சான்காரருக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் முடிந்து ரீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டாவது சுருளைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்ட ரீச்சர், வெயில் தணிந்துவிட்டது, பஸ் வேண்டாம், கடற்கரை வீதியால் நடப்போம் என்றார். இருவரும் கச்சான் கோதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஆறுதலாக, ஒரே பக்கம் சாய்ந்தபடி நடந்து போனார்கள்.